ஏக்கருக்கு ஓர் ஓட்டு

நீர் மாவட்டம் என்பது நிலக்காரர்கள் கூடி நடத்தும் தொழில். அணை கட்டவும் வாய்க்கால் வெட்டவும் பணம் போட்டவர்கள் அவர்கள். கடன் முழுகினால் ஏலத்துக்குப் போவதும் அவர்கள் நிலம்தான். ஆகவே ஓட்டும் அவர்களுக்கே இருக்கட்டும். யாருக்கு எவ்வளவு நிலமோ, அவருக்கு அவ்வளவு ஓட்டு. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இந்த வாதம் நெடுங்காலமாக நிலைபெற்றிருக்கிறது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1973இலும் 1981இலும் இதை ஏற்றுத் தீர்ப்பளித்தது. நீர் நிர்வாகத்தை அரசியலிலிருந்து பிரித்து, பயன்படுத்துவோரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் இதை ஒரு முன்மாதிரியாகவே காட்டுகிறார்கள். இந்த வாதம் அடிப்படையிலேயே தவறு என்று நினைக்கிறேன். ஏன் என்பதை அதன் சொந்த உதாரணங்களைக் கொண்டே காட்டலாம்.

மாவட்டம் என்றதும் நமக்கு ஆட்சியர் அலுவலகம்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் ஏதேனும் ஒரு வேலைக்காக எல்லை வரைந்து அமைக்கப்படும் உள்ளாட்சிகளுக்கும் அதே பெயர். தீயணைப்புக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, கொசு ஒழிப்புக்கு ஒன்று, பாசனத்துக்கு ஒன்று, குடிநீருக்கு ஒன்று. பள்ளி மாவட்டங்களைச் சேர்க்காமலே நாடு முழுவதும் இவை 39,000ஐத் தாண்டும். இவற்றில் நீருக்கும் மின்சாரத்துக்கும் பொறுப்பானவற்றின் அதிகாரங்களைப் பார்த்தால்தான் விவாதத்தின் கனம் புரியும். அவை வரிவிலக்குள்ள கடன் பத்திரங்களை வெளியிடலாம். நிலத்தின் மீது தீர்வை விதிக்கலாம். தீர்வை கட்டாதவர் நிலத்தை விற்கலாம். வாய்க்கால் போக வேண்டிய இடத்தை, சொந்தக்காரர் மறுத்தாலும், இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். கட்டணத்தை நிர்ணயிக்கலாம். வறட்சி வந்தால் யாருக்கு எவ்வளவு நீர் என்றும், வெள்ளம் வந்தால் அது யார் நிலத்துக்குள் போக வேண்டும் என்றும் முடிவு செய்யலாம்.

இத்தனை அதிகாரம் எப்படிக் கிடைத்தது? 1887இல் கலிபோர்னியா சட்டமன்றம் இயற்றிய ரைட் சட்டம்தான் தொடக்கம். மொடெஸ்டோவைச் சேர்ந்த வழக்கறிஞர் சி. சி. ரைட் கொண்டுவந்தது. அதன்படி ஒரு பகுதி மக்கள் ஓட்டெடுத்து, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்தால் பாசன மாவட்டம் அமைத்துக்கொள்ளலாம். பெரிய நிலக்காரர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஃபால்புரூக் என்ற பாசன மாவட்டம் விதித்த 51 டாலர் சொச்சம் தீர்வையைக் கட்ட மறுத்த ஒரு நில உரிமையாளரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. என் நிலத்தின் மீது வரி போட்டு அடுத்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது எப்படிப் பொதுநலன் ஆகும் என்பது அவர் கேள்வி. 1896இல் நீதிமன்றம் அவரது கேள்வியை நிராகரித்தது. வறண்ட நிலத்துக்கு நீர் கொண்டுவருவது ஊர் முழுவதற்குமான காரியம், ஆகவே இந்த வரி செல்லும் என்றது. நீர் மாவட்டங்களின் வரி விதிக்கும் அதிகாரத்துக்கு அடித்தளமே இந்தத் தீர்ப்புதான். ஊர் முழுவதற்குமான காரியம் என்று ஏற்கப்பட்டதால்தான் அந்த அதிகாரம் நிலைத்தது என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி 1973ஆம் ஆண்டு வழக்கு. கலிபோர்னியாவின் சான் வாகின் பள்ளத்தாக்கில் துலாரே ஏரி என்று ஒன்று இருந்தது. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பரப்பளவில் அதுவே மிகப் பெரிய நன்னீர் ஏரி. அதன் கரையில் யோகுட் பழங்குடிகள் வாழ்ந்தார்கள். பின்னர் வந்து குடியேறியவர்கள் ஏரிக்கு வரும் ஆறுகளை மறித்து, படுகையை உழுது, பருத்திக் காடாக்கினார்கள். அந்தப் படுகையின் 1,93,000 ஏக்கரை நிர்வகிக்கும் நீர் சேமிப்பு மாவட்டத்தில் வசித்தவர்கள் வெறும் 77 பேர், அவர்களில் 18 பேர் குழந்தைகள். நிலத்தில் 85 விழுக்காட்டை நான்கு கம்பெனிகள் சாகுபடி செய்தன. ஓட்டு, நில மதிப்பில் நூறு டாலருக்கு ஒன்று. ஜே. ஜி. பாஸ்வெல் கம்பெனியிடம் மட்டும் 37,825 ஓட்டுகள் இருந்தன. இயக்குநர் குழுவில் பெரும்பான்மையைத் தேர்ந்தெடுக்க அதுவே போதும். எண்பது ஏக்கர் வரை வைத்திருந்த 189 சிறு நிலக்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்தாலும் மொத்த நிலத்தில் 2.34 விழுக்காடுதான். குத்தகைக்கு உழுகிறவருக்கும், கூலிக்காரருக்கும், அங்கே வீடு கட்டிக் குடியிருப்பவருக்கும் ஓட்டே கிடையாது.

1969இல் வெள்ளம் வந்தது. தண்ணீரைப் பியூனா விஸ்டா ஏரிப் படுகைக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு கைவசம் இருந்தது. அதைச் செயல்படுத்தும் தீர்மானத்தை இயக்குநர் குழு ஆறுக்கு நான்கு என்ற கணக்கில் ஒத்திப்போட்டது. அந்தப் படுகையில் பாஸ்வெல் கம்பெனி நீண்டகாலக் குத்தகைக்கு நிலம் எடுத்திருந்தது. தண்ணீர் போனால் அடுத்த பருவச் சாகுபடி கெடும். விளைவாக, துலாரே படுகையில் நீர்மட்டம் ஏறியது. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவரான குத்தகைதாரரின் வீடு, வெள்ளம் உச்சத்தில் இருந்தபோது அந்த நீர்மட்டத்துக்குப் பதினைந்தரை அடி கீழே இருந்தது. அவரைக் காத்தது ஒரு கரை மட்டுமே. இந்த விவரங்கள் எல்லாம் தீர்ப்பின் மறுப்புரையில் நீதிபதி வில்லியம் டக்ளஸ் பதிவு செய்தவை.

பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ரென்குவிஸ்ட் இதற்கு என்ன பதில் சொன்னார்? இந்த மாவட்டம் பள்ளி நடத்துவதில்லை, காவல் துறை வைத்திருக்கவில்லை, மருத்துவமனை கட்டவில்லை. நீரைச் சேமித்து வழங்குவது ஒன்றே இதன் வேலை. அதன் செலவு முழுவதும் நிலத்தின் மீதே விழுகிறது. ஆகவே ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு என்ற விதி இங்கே கட்டாயம் அல்ல என்றார். குத்தகைதாரர் தனக்கு ஓட்டு வேண்டுமானால் குத்தகைப் பத்திரம் எழுதும்போதே நிலக்காரரிடம் பேசி, அவருக்குப் பதிலாக ஓட்டளிக்கும் உரிமையை வாங்கிக்கொள்ளட்டும் என்பதும் அந்தத் தீர்ப்பின் ஒரு வாதம்.

இந்த இடத்தில் எனக்குப் பொறுமை போகிறது. உழ நிலம் கேட்டு வரும் ஒருவர், நிலத்துக்குச் சொந்தக்காரரிடமே, உங்களை எதிர்த்து ஓட்டளிக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுங்கள் என்று எந்த ஊரில் கேட்டிருக்கிறார்? குத்தகை பேசுவது எப்படி நடக்கும் என்று தஞ்சாவூர்க்காரருக்கோ மதுரைக்காரருக்கோ சொல்லித்தர வேண்டியதில்லை. கீழே இருப்பவர் கேட்டு வாங்க முடியாத ஒன்றை, கேட்டால் கிடைக்கும் என்று எழுதி, அதன் பேரில் அவரது உரிமையை மறுக்கிறது அந்த வாதம்.

முதல் வாதமான குறுகிய நோக்கத்துக்கு வருவோம். ஓர் அமைப்பு எத்தனை வேலை பார்க்கிறது என்பதை வைத்து அது அரசா இல்லையா என்று சொல்ல முடியாது. அது செய்யும் ஒரு வேலை மக்களின் உயிரையும் உடைமையையும் எவ்வளவு ஆழமாகத் தொடுகிறது என்பதே கேள்வி. வெள்ளத்தை எங்கே விடுவது என்று முடிவெடுப்பது, நூலகத்துக்கு எந்தப் புத்தகம் வாங்குவது என்பதைப் போன்ற முடிவல்ல. காவல் துறை இல்லாத அமைப்பு ஒன்று உங்கள் வீட்டை நீருக்குள் ஆழ்த்த முடியும் என்றால், காவல் துறை இல்லாததைக் காரணம் காட்டி அதை ஒரு கூட்டுறவுச் சங்கமாகக் கருதுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

பாதிப்பு எல்லைக்குள் மட்டும் நிற்பதுமில்லை. 2023 மார்ச்சில் துலாரே ஏரி மீண்டும் நிரம்பியது. படுகையின் விளிம்பில் கார்கரன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே இரண்டு பெரிய சிறைகள். அலென்ஸ்வொர்த் என்று இன்னோர் ஊர், 1908இல் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று உருவாக்கியது. வெள்ளம் எந்தப் பக்கம் போகும், எந்தக் கரை முதலில் உடைக்கப்படும் என்று இந்த ஊர்களின் மக்கள் அஞ்சிக்கொண்டிருந்தார்கள். கார்கரனைச் சுற்றியுள்ள நிலம் பல ஆண்டுகளாகத் தாழ்ந்துகொண்டே வருகிறது. காரணம், நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தது. தரை தாழத் தாழ, ஊரைக் காக்கும் கரையை உயர்த்த வேண்டியிருந்தது, அதற்குப் பொதுப் பணம் போனது. செலவு முழுவதும் நிலத்தின் மீதே விழுகிறது என்று 1973இல் எழுதப்பட்டதை இந்தக் கரையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1981ஆம் ஆண்டு தீர்ப்பு இன்னும் தூரம் போனது. அரிசோனாவில் சால்ட் ரிவர் திட்டம் என்ற மாவட்டம் ஃபீனிக்ஸ் நகரத்தின் பெரும்பகுதிக்கு மின்சாரமும் நீரும் தருகிறது. தொடக்கத்தில் அது உழவர்களின் சங்கம். 1911இல் முடிந்த ரூஸ்வெல்ட் அணைக்காகத் தங்கள் நிலத்தை அடகு வைத்தவர்கள். அணைக்கான பணம் கூட்டரசின் வட்டியில்லாக் கடன். 1937இல் அது அரசு அமைப்பாக, அதாவது மாநிலத்தின் ஓர் அரசியல் உட்பிரிவாக மாறியது. அப்படி மாறியதன் காரணத்தை யாரும் மறைக்கவில்லை: வரிவிலக்குள்ள கடன் பத்திரம் வெளியிட்டால் வட்டி குறையும். வழக்கு நடந்தபோது அதன் வருமானத்தில் 98 விழுக்காடு மின்சாரம் விற்று வந்தது. நீரிலும் 40 விழுக்காடு உழவுக்கு அல்லாத பயன்பாட்டுக்குப் போனது. அரிசோனா மக்கள்தொகையில் ஏறக்குறையப் பாதி அதன் எல்லைக்குள் இருந்தது. ஓட்டு மட்டும் ஏக்கருக்கு ஒன்று. ஓர் ஏக்கருக்குக் குறைவாக வைத்திருந்தவர்களும் நிலமே இல்லாதவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். ஐந்துக்கு நான்கு என்று தோற்றார்கள். சாராம்சத்தில் இது ஒரு வணிக நிறுவனம் என்றும், மின்சாரம் வாங்குவோர் வெறும் வாடிக்கையாளர்கள் என்றும் நீதிபதி ஸ்டுவர்ட்டின் தீர்ப்பு சொன்னது.

இங்கேதான் இந்த வாதத்தின் உள்முரண் முழுதாக வெளியே தெரிகிறது. கடன் வாங்கும்போது அது அரசு. ஆகவே வட்டிக்கு வரி இல்லை. அரிசோனாவில் தனியார் மின் கம்பெனிகளின் கட்டணத்தை மக்கள் தேர்ந்தெடுக்கும் ஓர் ஆணையம் கட்டுப்படுத்துகிறது. சால்ட் ரிவர் திட்டம் அரசு அமைப்பு என்பதால் அந்த ஆணையம் அதன் கட்டணத்தில் தலையிட முடியாது. சரி, அரசு என்றால் மக்கள் ஓட்டளிக்கலாமா என்று கேட்டால், இல்லை, அது வணிகம். வணிகம் என்றால் ஆணையத்துக்குக் கட்டுப்பட வேண்டாமா என்று கேட்டால், இல்லை, அது அரசு. இன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் அதனிடம் இருக்கின்றன. 2015இல், கூரையில் சூரியத் தகடு புதிதாகப் பொருத்தும் வீடுகளுக்கு மாதம் சராசரியாக 50 டாலர் கூடுதலாக வரும்படி அது கட்டணத்தை மாற்றியமைத்தது. அதை எதிர்த்து ஆணையத்திடம் போக வழியில்லை. தேர்தலில் காட்டலாம் என்றால், கால் ஏக்கர் வீட்டுக்காரருக்குக் கால் ஓட்டு, வாடகைக்கு இருப்பவருக்கு ஒன்றுமில்லை. 1976இல் நான்கு பொது இடங்களைக் கூட்டி, அவற்றுக்கு மட்டும் நிலக்காரர் ஒருவருக்கு ஓர் ஓட்டு என்று வைத்தார்கள். மற்ற பத்து இடங்களும் தலைவர் பதவியும் இன்னமும் ஏக்கர் கணக்குதான்.

இதே ஃபீனிக்ஸில், இதே நீதிமன்றம் 1970இல் வேறு மாதிரி தீர்ப்பளித்திருந்தது என்பதை இந்த வாதக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். நகராட்சி கடன் பத்திரம் வெளியிடலாமா என்ற வாக்கெடுப்பில் சொத்துவரி கட்டுவோர் மட்டுமே ஓட்டளிக்கலாம் என்ற விதியை நீதிமன்றம் அப்போது செல்லாது என்றது. வீட்டு வரியைச் சொந்தக்காரர் வாடகையில் ஏற்றிவிடுகிறார், ஆகவே சுமை குடியிருப்பவர் மீதும் விழுகிறது என்பது அதன் காரணங்களில் ஒன்று. அதற்கு முந்தின ஆண்டு, லூசியானாவின் ஹூமா நகரத்தில் எரிவாயு, நீர், மின்சாரத்துக்கான கடன் பத்திர வாக்கெடுப்பிலும் இதே முடிவு. குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் வாங்குகிற அத்தனை பேருக்கும் அதில் பங்கு உண்டு என்றது நீதிமன்றம். அந்த நியாயம் பதினோரு ஆண்டுகளில் எங்கே போயிற்று? கட்டணம் செலுத்தி மாவட்டத்தின் வருமானத்தில் 98 விழுக்காட்டைத் தருகிறவர் வெறும் வாடிக்கையாளர், அடகை எப்போதோ மீட்டுவிட்ட நிலத்தின் இன்றைய சொந்தக்காரர் மட்டும் பாரம் சுமப்பவர் என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நீதிபதி பைரன் வைட் தன் மறுப்புரையில் இதைத்தான் சுட்டிக்காட்டினார்.

நிலம் இல்லாதவர்களுக்கு ஓட்டைக் கொடுத்தால், அவர்கள் நிலக்காரர் மீது தாறுமாறாக வரி போட்டு மாவட்டத்தையே குலைத்துவிடுவார்கள் என்பது அடுத்த அச்சம். நம் ஊரில் இது பழகிய குரல். சென்னை மாகாணத்தில் சொத்தும் வரியும் படிப்பும் பார்த்து ஓட்டுரிமை கொடுத்த காலத்தில் இதே பயத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள். 1951-52 பொதுத்தேர்தலோடு அந்தக் காலம் முடிந்தது. அமெரிக்க நீர் மாவட்டங்களிலும் பதில் கண்முன்னே இருக்கிறது, யாரும் பார்க்க விரும்பவில்லை என்பதுதான் வருத்தம். 1887ஆம் ஆண்டு ரைட் சட்டம் ஓட்டுரிமையை நிலத்தோடு கட்டவே இல்லை. நிலம் இல்லாதவரும் ஓட்டளித்தார். அந்தச் சட்டத்தின் கீழ் 1887 ஜூன் 6 அன்று அமைந்த முதல் மாவட்டம் டர்லாக். அடுத்து மொடெஸ்டோ. இரண்டும் இன்றும் இயங்குகின்றன. 1923இல் சேர்ந்து டான் பெட்ரோ அணையைக் கட்டின. பாசனத்தோடு மின்சாரமும் தருகின்றன. அவற்றின் இயக்குநர்களைப் பகுதி வாக்காளர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏக்கர் கணக்குத்தான் பழைய மரபு, ஆளுக்கு ஓர் ஓட்டு பிற்காலப் புதுமை என்று நினைப்பவர்கள் வரலாற்றைத் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

இதைவிட வலுவான சாட்சி இம்பீரியல் பள்ளத்தாக்கு. 1911இல் அமைந்த அந்தப் பாசன மாவட்டத்துக்குக் கொலராடோ ஆற்றில் ஆண்டுக்கு 31 லட்சம் ஏக்கர்-அடி நீர் உரிமை. அந்த ஆற்றில் தனியொரு அமைப்பின் மிகப் பெரிய பங்கு அதுதான். இயக்குநர் ஐவரையும் அங்கே வசிக்கும் வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நிலம் உள்ளவர் மட்டுமே இயக்குநர் ஆகலாம் என்ற விதி ஒன்று இருந்தது. அதை 1976இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் நீக்கியது. பின்னர் என்ன நடந்தது? பள்ளத்தாக்கு பாலையாகிவிட்டதா? அங்கே உழவு இன்றும் தொடர்கிறது. 2003இல் சான் டியேகோ வட்டாரத்துக்கு நீர் விற்கும் கடினமான ஒப்பந்தத்தை அந்த இயக்குநர் குழுதான் சண்டையும் சமரசமுமாக முடித்தது. நீரின் உரிமை எங்களுடையது, மாவட்டம் வெறும் முகவர் என்று பெரிய உழவர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: நீரை மாவட்டம் அறக்கட்டளைப் பொறுப்பாக வைத்திருக்கிறது, உழவருக்கு உள்ளது நீர் வழங்கல் பெறும் உரிமை. எல்லோருக்கும் ஓட்டு உள்ள இடத்தில் இப்படி ஒரு சட்டநிலை உருவானது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

தன் பணம் என்பதால் நிலக்காரர் சிக்கனமாக நடத்துவார் என்ற நம்பிக்கைக்கும் ஒரு பதில் உண்டு. வெஸ்ட்லண்ட்ஸ் அமெரிக்காவின் மிகப் பெரிய உழவு நீர் மாவட்டம், ஏறத்தாழ ஆறு லட்சம் ஏக்கர்; ஓட்டு நில மதிப்பின்படி. 2010இல் வறட்சியால் வருமானம் குறைந்தது. வருமானத்துக்கும் கடன் தவணைக்கும் இடையே கடன் கொடுத்தவர்களுக்கு உறுதியளித்த விகிதத்தைக் காக்க நீர்க் கட்டணத்தை உயர்த்தியிருக்க வேண்டும். நிலக்காரர் குழு அதை விரும்பவில்லை. கணக்கேட்டில் தொகைகளை இடம் மாற்றி, வருமானம் போதுமான அளவு இருப்பதாகக் காட்டி, 2012இல் 7.7 கோடி டாலருக்குப் பத்திரம் விற்றார்கள். கணக்கு மோசடியால் கவிழ்ந்த என்ரான் கம்பெனியை நினைவூட்டி, இதைக் கொஞ்சம் என்ரான் கணக்கு என்று பொது மேலாளரே இயக்குநர் குழுவிடம் சொன்னது பின்னர் வெளியே வந்தது. 2016இல் பங்குச் சந்தை ஆணையம் மாவட்டத்துக்கு 1,25,000 டாலரும் அவருக்கு 50,000 டாலரும் தண்டம் விதித்தது. பயனாளிகளே மேற்பார்வையாளர்களாகவும் இருந்தால் கட்டணத்தைத் தாழ்த்தி வைக்கும் ஆசை கணக்கின் நேர்மையை வென்றுவிடும். வெளியிலிருந்து கேள்வி கேட்கும் வாக்காளர் ஒருவரும் அங்கே இல்லை.

நீரைத் தாண்டி இந்த ஏக்கர் ஓட்டு எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க ஃபுளோரிடாவுக்குப் போகலாம். 1967இல் டிஸ்னி கம்பெனிக்காக ரீடி க்ரீக் என்ற மாவட்டத்தை மாநிலச் சட்டமன்றம் உருவாக்கியது. சுமார் 25,000 ஏக்கர், ஏக்கருக்கு ஓர் ஓட்டு, நிலம் பெரும்பாலும் டிஸ்னியுடையது. வடிகால், குடிநீர், மின்சாரம், தீயணைப்பு, கட்டட விதிகள் எல்லாம் அதன் கையில். விமான நிலையம் கட்டவும் அணுமின் நிலையம் அமைக்கவும்கூட அதற்கு உரிமை இருந்தது. 2023இல் ஆளுநரோடு ஏற்பட்ட அரசியல் மோதலில் அந்தக் குழுவைக் கலைத்து, ஆளுநர் நியமிக்கும் குழுவை வைத்தார்கள். கம்பெனியின் கையிலிருந்து பிடுங்கி ஆளுநரின் கையில் கொடுத்ததைச் சிலர் ஜனநாயகம் என்று கொண்டாடினார்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் சுற்றுப்புற ஊர்க்காரர்களுக்கும் முன்பும் ஓட்டில்லை, இப்போதும் இல்லை.

இந்த மாவட்டங்களின் நோக்கம் குறுகியதாகவே இருந்திருந்தாலாவது 1973இன் வாதத்தில் சிறிது பிடிப்பு இருந்திருக்கும். அதுவும் போய்விட்டது. 2014இல் கலிபோர்னியா நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றியபோது, இறைப்பதற்கு வரம்பு வைக்கவும் கட்டணம் விதிக்கவும் உள்ளூர் முகமைகளுக்கு அதிகாரம் கொடுத்தது. பல இடங்களில் ஏற்கனவே இருந்த நீர் மாவட்டங்களே அந்த முகமைகளில் அமர்ந்தன. ஆழ்குழாய்க் கிணறு வற்றினால் குடிநீருக்குத் தவிக்கும் குடும்பத்தின் எதிர்காலத்தை இப்போது அவை முடிவு செய்கின்றன. 2024 ஏப்ரலில், நிலம் தாழ்வதையும் வீட்டுக் கிணறுகள் வற்றுவதையும் தடுக்கும் திட்டம் போதாது என்று மாநில நீர் வாரியம் ஒரு படுகையைத் தன் நேரடிக் கண்காணிப்பின் கீழ் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் அப்படிக் கண்காணிக்கப்பட்ட முதல் படுகை துலாரே ஏரிப் படுகைதான்.

இந்த ஏக்கர் ஓட்டை மாற்ற உச்ச நீதிமன்றம் மனம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு தீர்ப்புகளும் சொன்னது, ஏக்கர் ஓட்டை அரசமைப்புச் சட்டம் தடுக்கவில்லை என்பது மட்டுமே. அதை வைத்திருந்தே ஆக வேண்டும் என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. கலிபோர்னியா சட்டமன்றம் தன் நீர்ச் சட்டத் தொகுப்பில் தேர்தல் பிரிவுகளைத் திருத்தி, நீர் சேமிப்பு மாவட்டங்களுக்கும் நில மதிப்புப்படி ஓட்டெடுக்கும் பிற நீர் மாவட்டங்களுக்கும் டர்லாக்கின் விதியைக் கொண்டுவரலாம். அரிசோனா சட்டமன்றம் சால்ட் ரிவர் திட்டத்தின் பதினான்கு இடங்களையும் அதன் கட்டணம் கட்டும் வீடுகளின் வாக்காளர்களுக்குத் திறந்துவிடலாம். 1976இல் நான்கு இடங்களுக்கு விதியை மாற்ற முடிந்தது என்றால், மீதிப் பத்துக்கு எது தடை என்பதை அந்தச் சட்டமன்றம்தான் சொல்ல வேண்டும்.